சர்வருக்கு ஒரு பொட்டு

தயாபரன் தம்பிக்குக் கோபம் வருகிற விதமே தனி. சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைக்கிற நேரம் கூடக்கூட, போனில் அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்துக் கிளாக்கருக்குக் கெட்ட காலம் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீர்களா என்று கேட்பார். பண்ணினேன் என்று அந்தப் பக்கம் சத்தியம் செய்வார்கள். பண்ணவில்லை என்பது தம்பிக்குத் தெரியும். திரையை அணைத்துத் திரையைப் போட்டிருப்பார்கள், கீழே இருக்கிற பெட்டியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது இந்தச் சத்தியத்தை அவர் கேட்டாக வேண்டும்.

பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில்தான் எங்கள் தேயிலைக் கம்பனியின் காரியாலயம். பதினொரு தோட்டத்துக்கும் தலைமை அது. நான் அங்கே டிரைவர், பேர் ஞானசீலன். தயாபரன் கம்ப்யூட்டர் ஆள். கொழும்பிலிருந்து வருகிற கடிதங்களில் அவருக்கு நீளமான பதவிப் பேர் ஒன்று போட்டிருக்கும். அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் நாக்கு வளையாது. கம்ப்யூட்டர் தம்பி, அவ்வளவுதான். மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பதுளையில் போர்டிங்கில் நின்று படித்து மேலே வந்தவர். பதினொரு தோட்டத்துக்கும் ஒரே ஆள். அவரை டபிள் கெப் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் போகிறவன் நான் என்பதால், அவர் புலம்பல் எல்லாவற்றுக்கும் காது என்னுடையதுதான்.

புலம்பலுக்குப் பஞ்சமே இல்லை. பெரிய கிளாக்கர் ஹாஷிம் நானா தன் பாஸ்வேர்டைக் கலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தார். மாதம் முடிந்து தாளைக் கிழித்ததும் பாஸ்வேர்டும் குப்பைக்குப் போனது, பழி தம்பி மேல் வந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற வைத்திருந்த பெட்டரிப் பெட்டியில் யாரோ கேத்தலைச் சொருகித் தண்ணீர் சுட வைத்தார்கள். மடுல்சீமையில் குரங்கு வயரில் தொங்கி இன்டர்நெட்டை அறுத்தது. குரங்குக்குக் கடிதம் எழுத முடியாது என்பதை அவர் மெனேஜருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பிரிண்டரில் தாள் முடிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது யாராவது தன் சொந்தப் போனை நீட்டி, இது ஸ்லோவாக இருக்கிறது, ஒருக்கால் பாருங்களேன் என்பார்கள்.

"என் வேலை கரண்ட் மாதிரிதான் அண்ணே," என்றார் ஒரு தடவை, பசறை ரோட்டில் போகும்போது. "இருக்கிறப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. போனாத்தான் கெட்ட வார்த்தையோட ஞாபகம் வரும்."

பாவம்தான். ஆனால் நூறு பேர் நூறு விதமாகப் பிய்த்துத் தின்றதில் அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், கண் திரையில், விரல் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யார் வந்து எதைக் கேட்டாலும் "ம்ம், செய்ங்க, செய்ங்க" என்பார். பேனா கேட்டால் பேனாவைக் கொடுப்பார், குடை கேட்டால் குடையைக் கொடுப்பார். பிறகு மழை நேரத்தில் தன் குடையைத் தானே தேடுவார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

எங்கள் காரியாலயத்தில் தேத்தண்ணி ஊற்றித் துப்புரவு பார்க்கிறவள் பாக்கியலெட்சுமி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், ஒரே லயத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் சட்டி உருண்டால் இந்தப் பக்கம் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன் அவளும் மலையில் தேயிலைக் கொழுந்துதான் எடுத்தாள். ஏழாம் நம்பர் மலையில் ஒரு நாள் குளவி கலைந்து எட்டுப் பெண்களைக் கொட்டியது. மற்ற ஏழு பேரும் வீங்கி, முனகி, இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். பாக்கியத்துக்கு மூச்சு அடைத்துவிட்டது. நான்தான் டபிள் கெப்பில் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டில் என் மனைவி றோசாலியின் மடியில் கிடந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்தது பெரிய காரியம். இனி ஒரு குளவி கொட்டினாலும் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் சும்மா இருக்கவும் வழியில்லை. அவள் புருஷன் இராசையா மரம் வெட்டப் போய் விழுந்து முதுகு போனவன். குடும்பத்தில் ஒருவராவது கம்பனியில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்துக் காம்பரா, இருக்கிற அந்த ஒரு அறை, அவர்களுக்கு நிற்கும். அப்போதிருந்த மெனேஜர் நல்ல மனிதர். மலையில் போட வேண்டாம் என்று காரியாலயத்துக்கு எடுத்தார். அன்றிலிருந்து அவள் அந்தக் கட்டடத்தைக் கோயில் மாதிரி வைத்திருந்தாள். கண்ணாடி ஜன்னலைத் துடைக்கும்போது, இங்கே குளவி வராது அண்ணே என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு உளியிலிருந்து லொறிவரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுத்துவிடுவார்கள். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் டபிள் கெப்பின் டயருக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்காமல் வண்டி எடுக்க எனக்கும் மனம் வராது. மலை ரோட்டில் ஓடுகிறவனுக்கு எல்லாச் சாமியும் வேண்டும். பூசைக்கு மாவிலை கொண்டுவருவது வருஷாவருஷம் என் வேலை. அந்த வாரம் திங்களோ செவ்வாயோ, பாக்கியம் மாவிலையை ஞாபகப்படுத்தியபோது நான் ஒரு பகிடி விட்டேன். மூலை அறையில் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிறதே ஒரு பெட்டி, பதினொரு தோட்டத்துப் பாரமும் அதன் தலையில்தான், அதற்கு ஒருவரும் ஒரு பொட்டுக்கூட வைப்பதில்லையே என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆமாமண்ணே, பாவம் அது என்றாள்.

அந்தப் பெட்டிதான் சர்வர். எங்கள் எல்லோருடைய கம்ப்யூட்டர்களும் தங்கள் வேலையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவைப்பது அதற்குள்ளேதான். பழைய தோட்டங்களில் டிஸ்பென்சரிப் பிறப்புப் புத்தகங்கள் கறையான் அரித்துக் கிடந்தன. பிறந்த சான்றுக்கு வருகிற சனங்களுக்கு உதவும் என்று மடுல்சீமைப் புத்தகங்களை இரண்டு பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அறைச் சாவி ஒன்று மெனேஜரிடம் இருந்தது. மற்றது தம்பியின் சாவிக்கொத்தில், அவர் தங்கியிருந்த போர்டிங் அறைச் சாவியோடு கிடந்தது.

புதன்கிழமை பத்து மணி இருக்கும். வண்டி ஓடிய கணக்கு எழுதுகிற ரன்னிங் சார்ட்டில் கையெழுத்து வாங்க நான் மேலே போனேன். தம்பி வழக்கம்போலத் தோளில் போனை இடுக்கிக்கொண்டு யாரோ கிளாக்கருக்கு, எந்தப் பட்டனை அழுத்துவது என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள்.

"தம்பி, வெள்ளிக்கெழம நீங்க லீவுன்னாங்க. அந்தப் பெரிய மெசினுக்கும் பூச வைக்கணும். ரூம் சாவி வேணுமே."

தம்பி திரும்பவில்லை. ம்ம், செய்ங்க, செய்ங்க என்றார். கால்சட்டைப் பையில் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்டாள். கீழிருந்து ஹாஷிம் நானா கூப்பிட்டதால் நான் இறங்கினேன். நான் படியில் கால் வைக்கும்போது அவள் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தம்பியின் "ம்ம், செய்ங்க" திரும்பவும் என் காதில் விழுந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே மெனேஜரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டேன். இராத்திரி திரும்பி, வெள்ளிக்கிழமை காலையில் மாவிலையை வாசலில் கொடுத்துவிட்டு, மெனேஜரை அடுத்த கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பூசையை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு திரையிலும் ஒன்றும் வரவில்லை. தம்பி மெனேஜரின் சாவியை வாங்கிக்கொண்டு மூலை அறையைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். சாமந்திப் பூ வாசமும் எரிந்த பிளாஸ்டிக் வாசமும் ஒன்றாக வந்தது. சர்வர் நெற்றியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மேலே ஒரு தேசிக்காய். கழுத்தில் மாலை. அறையில் ஒரு தூசி கிடையாது, அப்படிக் கூட்டியிருந்தாள். பெட்டியின் பக்கவாட்டில், காற்றுப் போகிற ஓட்டைகளுக்குக் கீழே, மஞ்சள் தண்ணீர் வழிந்து காய்ந்த கோடுகள் தெரிந்தன. ஓடிக்கொண்டிருந்த மெசினுக்குள் தண்ணீர் போய், கரண்ட் பாகம் கருகி, எல்லாவற்றையும் சேர்த்துவைத்த டிஸ்க்குகளும் போய்விட்டன. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பத்து மணிக்கு மெனேஜர் அறையில் விசாரணை. எனக்கு உள்ளே வேலையில்லை. வண்டிச் சாவியோடு கதவடியில் நின்றேன். பாக்கியம் மேசைக்கு முன்னால் நின்றாள். அறையை எப்படித் திறந்தாய் என்று மெனேஜர் கேட்டதும், சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தம்பிதான் தந்தார், பூசை முடிந்து கொடுக்கப் பார்த்தேன், அவர் லீவு என்றாள்.

தம்பி சாவிக்கொத்தை வெறித்துப் பார்த்தார். புதன்கிழமை பின்னேரம் போர்டிங் வாசலில் போய்ச் சாவி இல்லாமல் நின்றிருக்கிறார். பஸ்ஸில் விழுந்துவிட்டது என்று நினைத்துப் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார். காரியாலயத்தில் எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறார். கொழும்பில் இருந்த எனக்கும், மூலை அறையைக் கூட்டிக்கொண்டிருந்த அவளுக்கும்தான் அது தெரியாது.

"நான் குடுக்கல சார்," என்றார்.

பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் பொய் இல்லை. அவர் அறிய அவர் கொடுக்கவே இல்லை. பாக்கியம் அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். கையில் இருந்த சாவியே அவளுக்கு எதிராகப் போய்விட்டது. எடுத்தவள் என்று ஆகிவிட்டது. அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஒரு எட்டு உள்ளே வைத்து, நான் பார்த்தேன் சார் என்றால் முடிந்தது. ஆனால் மாவிலை நான் கொடுத்தது, பொட்டுப் பகிடி நான் விட்டது. இழுத்தால் என் காலும் சேர்ந்து வரும் என்று பயந்தேன். மெனேஜர் தன் பங்குக்கு இரக்கம் காட்டினார். பொலிசுக்குப் போகவில்லை, பேரையும் வெட்டவில்லை. நாளையிலிருந்து ஸ்பிரிங்வெளியில் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, கொழுந்தெடுக்க மலைக்குப் போகட்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிய, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எழும்புகிற சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வந்தபோது சேலை நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலுக்கு அட்டை ஏறாமல் சவர்க்காரம் தேய்த்திருந்தாள். காதையும் கழுத்தையும் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது. இராசையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போயிட்டு வாறேன் அண்ணே என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் மலையிலிருந்து வந்த றோசாலி, கொழுந்துக் கூடையை இறக்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்க அவள் அடங்கிய குரலில் ஏசியதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஏழாம் நம்பர்ல சவுக்கு மரத்துல குளவிக் கூடு தொங்குது. நாங்க எல்லாரும் பாத்தோம். வியாழக்கெழம அங்கதான் கொழுந்துன்னு கங்காணி சொல்லிட்டான். அவ எலை அசஞ்சாலும் குந்திருறா. நீங்க கோயில்ல முழங்கால் போட்டு என்ன கேக்கப்போறீங்க?"

அன்றைக்குச் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

புதன்கிழமை தம்பியை ஏற்றிக்கொண்டு மடுல்சீமைக்குப் போக வேண்டியிருந்தது. படங்கள் அழிந்துபோன பிறப்புப் புத்தகங்களைத் திரும்ப எடுத்துவந்து முதலிலிருந்து படம் எடுக்க வேண்டும். காலையிலேயே கொழும்புக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். சாவி அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தார். பசறையைத் தாண்டியதும் மழை பிடித்தது. ஐப்பசி மழை, இடியும் சேர்ந்து. ரோட்டில் குழிகள் நிறைந்து எது குழி எது ரோடு என்று தெரியவில்லை. நான் இரண்டாவது கியரில் ஊர்ந்தேன்.

தம்பி புலம்பத் தொடங்கினார். பெட்டிக்கு இன்னொரு பிரதி எடுத்துவைக்கிற டிஸ்க் ஒன்று இருந்ததாம். அது நிறைந்து ஆறு வாரம். பிரதி எடுக்க முடியவில்லை என்று நாள்தோறும் சிவப்பு எழுத்தில் அவருக்கு வந்திருக்கிறது. பழையதை அழித்து இடம் பண்ணினால் பத்து நிமிட வேலை. நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி, பிறகு அந்தச் சிவப்பு கண்ணிலேயே படாமல் போய்விட்டதாம்.

"அது என் பிழை. அறிக்கையில எழுதிட்டேன்," என்றார். "ஆனா அண்ணே, நான் சொல்றத யாரு கேக்குறாங்க? அந்த ரூமுக்குள்ள போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். கதவுல ஒட்டியிருக்கேன். ஒருத்தர் காதுலயும் ஏறாது."

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

"பாக்கியம் ஒங்கக்கிட்ட கேட்டா தம்பி. நான் பாத்தேன். நீங்கதான் சாவியக் குடுத்தீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், புதன்கிழமை, பத்து மணி, ரன்னிங் சார்ட், மேசையில் தள்ளின சாவி. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்த வீட்டுக்காரி என்று நான் இரக்கப்படுவது அவருக்கு விளங்குகிறதாம். ஆனால் தன் போர்டிங் சாவியைத் தானே எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தன் பூட்டைத் தானே உடைக்க அவருக்கு என்ன பைத்தியமா என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்வி. நாளைக்கு ஏழாம் நம்பரில் குளவிக் கூட்டுக்குக் கீழே அவள்தான் நிற்கப்போகிறாள் என்று வாய்க்குள் முனகினேன்.

அப்போது அவர் போன் அடித்தது. அந்த ரோட்டில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மட்டும்தான் சிக்னல் இருக்கும். நிப்பாட்டச் சொன்னார், நிப்பாட்டினேன். ஏதோ தோட்டத்தில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. போன் தோளுக்குப் போனது. கண் முன்கண்ணாடியில் ஓடுகிற மழையில் நின்றது, ஆனால் மழையைப் பார்க்கவில்லை. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீர்களா என்று தொடங்கினார். மடியில் லெப்டொப் பை இருந்தது. மிச்சம் மீதியாகத் தப்பிய எல்லாம் அதற்குள்தான் இருந்தது. மூன்று நாளாக அதைச் சாப்பிடும்போதுகூட மடியை விட்டு இறக்கவில்லை.

நான் யோசித்துச் செய்யவில்லை. வாயில் வந்துவிட்டது.

"தம்பி, அந்தப் பையத் தாங்க. மழைத்தண்ணியில கழுவிட்டு வாறேன்."

"ம்ம், கழுவுங்க, கழுவுங்க," என்றார். பையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

மழைக்கோட்டைப் போட்டு, பையை அதற்குள் நெஞ்சோடு அணைத்துப் பட்டன் போட்டேன். எனக்கும் வேலை வேண்டுமே. கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்கு முன்னால் கொட்டுகிற மழையில் போய் நின்றேன். பக்கத்தில் பாறையிலிருந்து தண்ணீர் பீலிக்குழாய் மாதிரி கொட்டியது. உள்ளே அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். நாலு நிமிடம் இருக்கும். தொப்பிக்குள் தண்ணீர் இறங்கி முதுகெல்லாம் ஓடியது.

போனை வைத்தார். மடியைத் தடவினார். சீட்டுக்கடியில் குனிந்து பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் வெளிறிக் கதவைத் திறந்துகொண்டு செருப்பில்லாமல் சேற்றில் குதித்தார்.

"அண்ணே, என் லெப்டொப்?"

"கழுவத் தந்தீங்களே தம்பி."

"நான் எப்பத் தந்தேன்?"

மழைக்கோட்டுப் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையைக் காட்டினேன். ஒரு துளி ஈரம் படவில்லை. அவர் அதை வாங்கவில்லை. கண்ணாடியெல்லாம் மழைத்தண்ணீராக, வாயைத் திறந்தபடி நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். பிடித்துத் தள்ளினாலும் சரி என்றுதான் நின்றேன்.

"கழுவுங்கன்னா சொன்னேன்?" என்று கடைசியில் கேட்டார்.

"ரெண்டு தடவ சொன்னீங்க."

வண்டிக்குள் ஏறினோம். மடுல்சீமை வரும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தோட்டத்து ஒபிசில் இறங்கி, கறையான் மண்ணைத் தட்டித் தட்டிப் பதினாலு புத்தகங்களைப் படங்குச் சாக்கில் சுற்றி ஏற்றினோம். கிளாக்கர் தேத்தண்ணி கொடுத்தார், தம்பி குடிக்க மறந்து ஆறவிட்டார். அங்கிருந்து நாற்பது கஜத் தூரத்தில்தான் அவர் பிறந்த லயம். எட்டிப் பார்க்கவில்லை. திரும்பும்போது அதே வளைவு வந்ததும், நிப்பாட்டுங்க அண்ணே என்றார். இந்தத் தடவை போன் அடிக்கவில்லை. அவரே எடுத்தார்.

வழக்கமாக மெனேஜரோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்றைக்குத் தமிழ்தான் வந்தது. மெனேஜருக்கும் தமிழ் விளங்கும்.

"சார், சாவிய நான்தான் குடுத்தேன். இல்ல சார், ஞாபகம் வரல. இப்பவும் ஞாபகம் இல்ல. ஆனா குடுத்தேன் சார்."

அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உங்கள் பேரில் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார்களாம், வரட்டும் என்றார். அடுத்த வருடம் கொழும்புக்கு எடுப்பதாக இருந்தது, அதை இனி மறந்துவிடுங்கள் என்றார்களாம், சரி என்றார். நாளைக்கு ஏழாம் நம்பர் மலையில் அந்த அம்மா கொழுந்துக்கு நிற்கக் கூடாது, அதை மட்டும் இன்றைக்கே தோட்டத்துக்குச் சொல்லுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குளவிக் கூட்டைப் பற்றி நான் போகும்போது வாய்க்குள் முனகியதையும் அவர் எப்படியோ கேட்டிருக்கிறார். போனை வைத்ததும், நாளையிலிருந்து அவள் காரியாலயத்துக்கு வரலாமாம் என்றார். பிறகு, அவள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், நானே சொல்ல வேண்டும் என்றார்.

ஸ்பிரிங்வெளிக்கு நாங்கள் வரும்போது மழை விட்டிருந்தது. பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூட்டமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியம் வாசல் பீலிக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். காதைச் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. தம்பியைக் கண்டதும் பதறி, இருந்த ஒரே நாற்காலியைச் சேலையால் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சாவியைத் தான் கொடுத்ததாக மெனேஜரிடம் சொல்லிவிட்டதையும், நாளைக்கு அவள் வேலைக்கு வரவேண்டும் என்பதையும் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையைக் கோயிலில்தான் சொல்வோம், அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே படுத்திருந்த இராசையா அழுவது கேட்டது. றோசாலி வந்து என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தாள், ஏசவில்லை.

பாக்கியம் துணியை அவிழ்த்தாள். காதிலும் கழுத்திலும் இறுக்கிய தடம் சிவந்திருந்தது. பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? பொட்டு வச்சது தப்பா?"

அவர் வாயில் "ம்ம்" வந்துவிட்டது. நான் கேட்டேன். பாதியில் நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பொட்டு தப்பில்லங்க. மாலையும் தப்பில்ல. தண்ணி மட்டும் தெளிச்சிருக்கக் கூடாது. கரண்ட் ஓடுற மெசின் பாருங்க."

"எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு தம்பி," என்றாள் பாக்கியம். "அதான் சாவி வாங்கினப்பவே ரெண்டாவதா ஒங்கக்கிட்ட கேட்டேன், மஞ்சத்தண்ணி தெளிக்கலாமான்னு."

தம்பி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.